பதினொரு மணிக்குத் திறந்த கேட்

பதினொரு வருஷமாக அந்த உயர்நிலைப் பள்ளியில் எழுத்தராக வேலை பார்த்தவளின் குரல் எப்படியிருக்கும் என்று அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. கேட்டதை எடுத்துக் கொடுப்பாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் துண்டுச் சீட்டில் எழுதி மேஜையில் வைப்பாள். ஆசிரியர் கூட்டங்களில் மூலையில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்றுவிடாமல் குறிப்பெடுப்பாள். அந்தக் குறிப்பேட்டில் அவள் சொன்னதாக ஒரு வரி கிடையாது. பிள்ளைகள் வைத்த பெயர் 'சைலன்ட் மேடம்'.

அந்தப் பெயரைக் கேட்டால் அவள் கணவன் விழுந்து விழுந்து சிரிப்பான். எரிந்துபோன பம்புசெட் மோட்டார்களுக்குச் செப்புக் கம்பிச் சுருள் கட்டுகிறவன். "சைலன்ட்டா? எங்க வீட்டுக்கு வந்து பாருங்க. பகல் பூரா அங்க சேத்து வச்சத இங்க வந்து கொட்டுறா. மோட்டாருக்காவது சுவிட்ச் இருக்கு" என்பான். உண்மைதான். வீட்டில் வாய் ஓயாது. நாலு பேர் கூடிய இடத்தில் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

பள்ளியைச் சுற்றி எல்லாம் வெங்காய வயல்தான். அலுவலக ஜன்னலைத் திறந்தால் பாத்தி பாத்தியாகப் பச்சை தெரியும். படிக்கிற இருநூற்றுச் சொச்சம் பேரும் அந்த வயல்களில் பாடுபடுகிற வீட்டுப் பிள்ளைகள்.

அந்த வருஷம் பத்தாம் வகுப்பில் முப்பத்துநாலு பேர் எழுதி, பத்தொன்பது பேர்தான் தேறினார்கள். காரணம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. தலைமையாசிரியர் அதை அவள் மேஜையில் போட்டார்.

"பிள்ளைங்களுக்குப் படிப்புல ஆர்வமில்லைன்னு டைப் பண்ணிடும்மா. வேற என்ன எழுதறது?"

பாதி வரி அடித்ததும் அவள் விரல் நின்றுவிட்டது. தினமும் வருகையைக் கூட்டிப் போடுகிறவள் அவள்தானே. என்னவோ உறுத்தியது. பீரோவின் மேல்தட்டிலிருந்து ஆறு வருஷத்துப் பதிவேடுகளை இறக்கித் தூசி தட்டினாள். ஒன்பதிலும் பத்திலும் வருஷாவருஷம் ஒரே மூன்று வாரத்தில் சிவப்பு மை எறும்பு மொய்த்த மாதிரி கிடந்தது. வெங்காயம் பிடுங்குகிற நாட்கள். அது ஊருக்கே தெரிந்த விஷயம். ஆனால் வருகை எடுப்பது காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. போன வருஷம் மத்தியானமும் அவர்கள் இல்லை. வெயில் ஏறினால் வயலில் வேலை நின்றுவிடும். அப்புறம் இதுகள் எங்கே போகின்றன?

அறுவடை அப்போதுதான் தொடங்கியிருந்தது. மறுநாள் ஆறு மணிக்கே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனாள். பெண்கள் வெங்காயத்தைப் பிடுங்கிக் குவிக்க, பள்ளிப் பெண்கள் சாக்கை விரித்து உட்கார்ந்து வெங்காயத் தாளை அறுத்துக்கொண்டிருந்தார்கள். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கத்தியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள்.

"மேடம், நீங்களா!"

"எத்தனை மணிக்கு முடியும்?"

"பத்துக்கு. அதுக்கு மேல வெயில் தாங்காது."

"அப்புறம்?"

"வீட்டுக்குப் போய்ப் படுத்துக்குவேன்."

"ஸ்கூலுக்கு வரலாம்ல?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒன்பதே காலுக்கே கேட்டைப் பூட்டிடுவாங்களே மேடம். வந்து யாரைப் பாக்கறது?"

பக்கத்தில் குனிந்திருந்த அவள் அம்மா நிமிர்ந்தாள். "அனுப்ப மாட்டேன்னு நான் சொல்லல தாயி. ஒரு மழை பிடிச்சா வருஷ உழைப்பும் அழுகிப் போயிடும். அந்த நாலு மணி நேரத்துக்குத்தான் இவ கை வேணும். மிச்ச நேரத்துக்கு நீங்க வச்சுக்கங்க."

பள்ளிக்குத் திரும்பியதும் மறுபடி பதிவேடுகளைப் பிரித்தாள். கேட் பூட்டுகிற வழக்கம் வந்து நாலு வருஷம் ஆகிறது. அதற்கு முந்தைய இரண்டு வருஷத்திலும் அதே அறுவடை வாரங்களில் காலையில் வராதவர்களில் பாதிக்கு மேல் மத்தியானம் வந்திருக்கிறார்கள். பூட்டு வந்தது, அந்த மத்தியான வருகையும் போனது. ஒவ்வொரு வருஷமும் அந்த மூன்று வாரத்தில்தான் கணக்கு வாத்தியார் முக்கோணவியல் நடத்துகிறார். தோற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் கணக்கில்தான் தோற்றிருந்தார்கள்.

இதைச் சீட்டில் எழுதி வைத்துவிட முடியாது. அந்தப் பூட்டு தலைமையாசிரியரின் பூட்டு. அவர் இந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வருவதற்கு முன்னால் ஆசிரியர்களே பத்து மணிக்கு ஆடி அசைந்து வருவார்கள். அவர்தான் தினமும் கேட்டில் நின்று பள்ளியை நேர்ப்படுத்தியவர். நல்ல மனுஷன். அவர் முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது?

வீட்டில் ஒத்திகை நடந்தது. கணவன் மூக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு தலைமையாசிரியராக நின்றான். அவள் வாயைத் திறக்கும் முன்பே, "வெளியே போம்மா!" என்று கத்தினான்.

"அவர் அப்படியெல்லாம் பேச மாட்டாரு."

"அப்ப எதுக்குடி பயப்படறே?"

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்று தலைமையாசிரியர் ஆரம்பித்ததும் அவள் எழுந்தாள். மடியிலிருந்த குறிப்பேடு தரையில் விழுந்தது.

"சார், ஒரு நிமிஷம்."

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முதல் எண்ணைத் தப்பாகச் சொல்லித் திருத்தினாள். ஆனால் நிறுத்தவில்லை. ஆறு வருஷத்தையும் சொன்னாள், பூட்டையும் சொன்னாள்.

தலைமையாசிரியர் முகம் சிவந்தது. "நேரம் தவறினா ஒழுக்கம் எங்கேம்மா இருக்கும்?"

"அந்தப் பிள்ளைங்க விடியறதுக்குள்ள வேலைக்கு வந்துடுது சார். நேரத்துக்கு வர்றதுல நம்மள விட அதுங்க கெட்டி."

பின்வரிசையில் ஒரு பெரிய விவசாயி உட்கார்ந்திருந்தார். ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார் என்பதால் ஊரில் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர். அவர் அன்றைக்குச் சுருக்கமாகப் பேசினார்: "பத்து மணிக்கு நான் விட்டுடறேன். குளிச்சுச் சாப்பிட்டு வரட்டும். என் டிராக்டரே கொண்டுவந்து இறக்கும். நீங்க கேட்டை மட்டும் திறங்க."

தலைமையாசிரியர் சட்டைப் பையிலிருந்து கேட் சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். "மூணு வாரம். பாப்போம்" என்றார்.

கணக்கு வகுப்பைக் கடைசி இரண்டு பீரியடுக்கு மாற்றி அட்டவணை போட்டாள். திங்கட்கிழமை டிராக்டரில் வந்து இறங்கியது வெறும் எட்டுப் பேர். அவள் மனசு உடைந்துதான் போனது. தாய்மார்கள் பலருக்கு நம்பிக்கை வரவில்லை. பிள்ளைகள் போய், கேட்டில் திருப்பி அனுப்பிவிட்டால் அவமானம் என்று நினைத்தார்கள். அன்று சாயங்காலம் தலைமையாசிரியரே அலுவலகத்துக்கு வந்து, "எந்தெந்த வீடும்மா?" என்று கேட்டார். அவள் ஸ்கூட்டரில் முன்னால் போக, அவர் தன் பைக்கில் பின்னால் வந்தார். வியாழக்கிழமைக்குள் இருபத்தாறு பேர். கேட்டைத் திறக்க அவரேதான் பதினொரு மணிக்கு நின்றார். வகுப்பு முழுக்க வெங்காய வாடை. கணக்கு வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நான் அழறேன்னு நினைச்சுடாதீங்கடா" என்று சொல்லிச் சொல்லி முக்கோணம் வரைந்தார்.

எல்லாம் கைகூடிவிடவில்லை. இரண்டு பேர் கடைசிவரை வரவே இல்லை. ஒருத்தியின் குடும்பம் வேலை தேடி ஊரைவிட்டே போய்விட்டது. இருந்தாலும் அந்த வகுப்பில் முப்பத்தொரு பேர் தேர்வு எழுதி இருபத்தேழு பேர் தேறினார்கள். வயலில் எழுந்து நின்ற பெண்ணுக்குக் கணக்கில் அறுபத்துநாலு.

முடிவு வந்த மறுநாள் எல்லோரும் தேறியவர்களோடு போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, அவள் நாலு மறுதேர்வு விண்ணப்பங்களைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். முதல் வீட்டில் பையன் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு வெளியே வர மறுத்தான். அவள் வாசல் படியில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, அவன் பிறந்த தேதியை மனப்பாடமாகவே எழுதினாள்.

"ஒரு பாடம்தானேடா? வந்து கையெழுத்துப் போடு. கணக்கு சார் நாளைக்கு மூணு மணிக்கு வரச் சொல்லியிருக்காரு. நோட்டை மறக்காம எடுத்துட்டு வா."