முறைத் தண்ணிப் பொய்

மூணு வாரத்துக்கு முன்னால் சின்னமனூர் வாய்க்கால் கரைப் பக்கம் வந்தவர்கள் ஒரு காட்சியைப் பார்த்திருக்கலாம். முன்னால் ஒரு பெரியவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிட்டத்தட்ட ஓட்டம். பின்னால் சேலையும் கேன்வாஸ் ஷூவுமாக, மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பொம்பளை.

அந்தப் பொம்பளை நான்தான். முன்னால் ஓடியவர் என் வீட்டுக்காரர்.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஊருக்குள் ஆளுக்கொரு மாதிரி பேசுகிறார்கள். அவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது மேல் இல்லையா?

வீட்டுக்காரருக்கு மறதி நோய். அல்சைமர் என்கிறார்கள். எட்டாம் கிளாஸோடு நின்றவளுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவே ரொம்ப நாளானது. மதுரை டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, "ஏரோபிக் எக்ஸர்சைஸும் வேணும்" என்றார்.

வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏரு பூட்டி வருசக்கணக்காச்சு சார். இப்ப எல்லாம் டிராக்டர்தேன்."

டாக்டர் பொறுமையாக விளக்கினார். வேக நடை போதுமாம். நெஞ்சு படபடவென்று அடிக்க வேண்டும், வேர்க்க வேண்டும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது — அதுதான் அளவு. அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு, குணமாகிவிடுமா என்று கேட்டேன். குணமாகாது... ஆனால் சிலருக்கு நோய் முற்றுகிற வேகம் குறையலாம், தூக்கம் சீராகலாம், மனசு தெளியலாம், சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது என்றார்.

எத்தனை 'லாம்' பாருங்கள். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவள் நான் — இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். எனக்கு அந்த 'லாம்' போதும். கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

கையோடு இன்னொரு காரியமும் செய்தேன். நோயின் பெயரை அவரிடம் சொல்லிவிடாதீர்கள் என்று டாக்டரிடம் கெஞ்சினேன். ஊருக்கு வந்ததும் கேட்டவர்களிடம் எல்லாம் சுகர் என்றேன். சுகர் கௌரவமான வியாதி. கல்யாண வீட்டில்கூடப் பெருமையாகச் சொல்லி, சர்க்கரை இல்லாத காபி கேட்கலாம். புருஷனுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று எந்தப் பந்தியில் உட்கார்ந்து சொல்வது?

சரி, நடக்கக் கூப்பிட்டேன். தெருமுனை வரைக்கும் வந்தார். நின்றார்.

"எங்கன போறோம்?"

"சும்மா."

"சும்மா எதுக்கு நடக்கணும்? கோட்டிக்காரனா நானு?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஆயுசு முழுக்க வயலுக்கு நடந்தார், சந்தைக்கு நடந்தார், எழவு வீட்டுக்கு நடந்தார். சும்மா நடந்ததே இல்லை. மறுநாளும் அதே தெருமுனை, அதே கேள்வி. அதற்கடுத்த நாளும். நானோ அவர் முகத்தைப் பார்ப்பேன், வேர்வையைத் தேடுவேன். ஒரு பொட்டுக்கூட இருக்காது. அன்றைக்குள்ள மூளை அன்றைக்கே கரைந்து போகிற மாதிரி எனக்குத் தோன்றும்.

ஒருநாள் அப்படி நின்றவரைப் பார்த்ததும் என் வாயிலிருந்து தானாக வந்தது. "நம்ம முறைத் தண்ணி வந்துருச்சாம். எவனோ மடைய அடைச்சுட்டானாம்."

அவ்வளவுதான். மனிதர் பறந்தார்!

கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்க்கைப்பட்டவர்களுக்கு இது புரியும். அணை திறந்து, வாய்க்காலில் வந்து, நம் முறை வருகிற நேரத்தில் இன்னொருத்தன் மடையை அடைத்தான் என்றால் அண்ணன் தம்பி என்றுகூடப் பார்க்க மாட்டார்கள். பெற்ற மகளின் பெயர் மறந்துபோன மனிதருக்கு அந்தக் கோபம் மட்டும் மறக்கவில்லை. வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனார். பேச முடிந்தது. பாட முடியாது. முதுகெல்லாம் வேர்வை. டாக்டர் சொன்ன அளவு அச்சு அசலாக!

வாய்க்கால் பாலம் வந்ததும், "தொறந்துட்டாகளாம்" என்றேன். அப்படியே சாந்தமாகித் திரும்பிவிட்டார். அன்று நன்றாகச் சாப்பிட்டார். நன்றாகத் தூங்கினார். மறுநாள் காலையில் என்னைப் பார்த்து, "நீ சாப்பிட்டியா?" என்றார். அந்தக் கேள்வியைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று!

விடுவேனா? தினமும் மடையை அடைத்தேன். தினமும் பாலத்தில் திறந்தேன். அவருக்குத் தினமும் அது புதுச் செய்தி. தினமும் புதுக் கோபம். திருப்பூரிலிருந்து மகள் போன் பண்ணியபோது, அப்பா தேறி வருகிறார் என்று பெருமையடித்தேன். எப்படி என்று அவள் கேட்டதற்கு மட்டும் பேச்சை மாற்றிவிட்டேன்.

மூணு வாரத்துக்கு முன்னால் ஒருநாள் என் ஷூ நாடா அவிழ்ந்தது. குனிந்து கட்டி நிமிர்வதற்குள் அவர் பாலத்தைத் தாண்டிவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது வயலில் நின்றார். எங்கள் வயல் — இல்லை, எங்கள் வயலாக இருந்தது. விற்று நாலு வருஷம் ஆகிறது. வாங்கியவன் எங்கள் பங்காளி மகன் முருகேசன்தான். பாவம், அவன் முறைக்கு அவன் தண்ணி பாய்ச்சிக்கொண்டிருந்தான். இவர் அவன் மண்வெட்டியைப் பிடுங்கி, வரப்பை ரெண்டாக வெட்டிப் போட்டுவிட்டார். தண்ணி பூராவும் பக்கத்துக் காட்டுக்கு ஓடுகிறது. நடவு ஆட்கள் எல்லாம் கரையேறி வேடிக்கை பார்க்கிறார்கள். "எம்முறைத் தண்ணியவா அடைக்கிற, களவாணிப் பயலே" என்று இவர் கத்துகிறார். அவன் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறான்.

என்னைப் பார்த்ததும் முருகேசனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சின்னாத்தா, சித்தப்பாவுக்குச் சுகருன்னுதான சொன்னீக? இது என்ன சுகரு? இவுகளுக்கு எவன் இந்தச் சேதியச் சொன்னது?"

வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். என்னைக் கைகாட்டி, தைரியமாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

"இவதேன் சொன்னா. இவ பொய் சொல்ல மாட்டா."

அந்தச் சேற்றிலேயே புதைந்துபோயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்பது வருஷத் தாம்பத்தியத்தில் ஒரு நல்ல சேலையைக்கூட வாய்விட்டுப் புகழாத மனுஷன், ஊர் கூடியிருக்கிற இடத்தில் எனக்குக் கொடுத்த சர்டிபிகேட் அது.

எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, ஆனால் சொல்லிவிட்டேன். சுகர் இல்லை, மறதி நோய். மடை சமாசாரம் நான் கட்டிய பொய். முருகேசன் மண்வெட்டியை வாங்கி வரப்பை அடைத்துக்கொண்டே, "மொதல்லயே சொல்லியிருந்தா நானே கூட நடந்திருப்பேன்ல" என்று முணுமுணுத்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வீடு வருவதற்குள் அவர் எல்லாவற்றையும் மறந்துவிட்டார். எனக்குத்தான் எதுவும் மறக்கவில்லை. அந்த நோய் எனக்கும் கொஞ்சம் வந்தால் என்ன என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்ததற்கும் சேர்த்துக் கூசிப்போனேன்.

மறுநாள் காலை. தெருமுனை. "எங்கன போறோம்?"

சும்மா என்பதும் பொய்தானே என்று அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளில் உண்மையைச் சொல்லிப் பார்க்கவே இல்லையே நான்!

சொன்னேன். உங்களுக்கு மறதி நோய், நடந்தால் நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று. அவர் என்னையே பார்த்தார்.

"எனக்கும் அப்படித்தேன் பட்டுச்சு," என்றார். "உங்கிட்டச் சொன்னாப் பயந்துக்கிருவ. அதேன் சொல்லல."

பாருங்கள். நான் அவரிடம் மறைத்தேன். அவர் என்னிடம் மறைத்திருக்கிறார். ஒரே வீட்டுக்குள்ளே!

அன்று நடந்தோம். வேகமாக இல்லை. பாட்டே பாடியிருக்கலாம் — அவ்வளவு மெதுவாக. டாக்டர் சொன்ன அளவுக்கு அது வராது என்று எனக்குத் தெரியும். அந்தக் கவலை இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அதைவிடப் பெரிய கவலை இன்னொன்று. பொய்யைப் போலவே உண்மையும் அவருக்குத் தினமும் புதுசு. அந்த நோயின் பெயரைத் தினமும் காலையில் ஒரு மனுஷன் முதல் தடவையாகக் கேட்பதென்றால்... நாலு நாள் சொன்னேன். ஐந்தாம் நாள் அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

இப்போது இவ்வளவுதான் சொல்கிறேன்: "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காக. நம்ம ரெண்டு பேரையும்."

வருகிறார். சில நாள் வேர்க்கவும் செய்கிறது.

மறுபடியும் பொய்யா என்று கேட்காதீர்கள். போன செவ்வாய்க்கிழமை என் பிரஷரைப் பார்த்துவிட்டு டாக்டர் என்னையும் நடக்கத்தான் சொன்னார்.