நைனாவின் பல்லில் பிடித்த காரை

உலகத்தில் முட்டாள்கள் பல வகை. நான் பல் டாக்டரிடமிருந்து அப்பாவைக் காப்பாற்றிய வகை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு மரியாதை இன்னும் குறையும்.

கதை ஒரு நாற்றத்தில் தொடங்குகிறது. ஐம்பதுகளின் கடைசியில், நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது, காலையில் அப்பா குனிந்து என் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுவார். அப்போது, துருப்பிடித்த தகர டப்பாவில் தண்ணீர் தேங்கிக் கிடந்தாற்போல ஒரு வாடை என் முகத்தில் அடிக்கும். எல்லா அப்பாக்களுக்கும் அப்படித்தான் வாடை வரும் என்று நினைத்திருந்தேன்.

அப்பாவை நாங்கள் ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவோம். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு ஆள் கூப்பிடுவது அவர் வேலை. ‘செஞ்சி, வளத்தி, மேல்மலையனூர்’ என்று ஒரே மூச்சில் அவர் இழுத்தால், மரக்காணம் போகவேண்டியவர்கூட ஊரை மறந்து ஏறி உட்கார்ந்துவிடுவார் என்று கண்டக்டர்கள் சொல்வார்கள். அமாவாசை வந்தால் மலையனூர் அம்மன் கோயிலுக்குக் கூட்டம் நெரியும். அன்றைக்கு அந்த ஸ்டாண்டுக்கே நைனாதான் ராஜா.

அந்த ராஜா செங்கல் தூளால் பல் தேய்ப்பார். ஒருநாள் துப்பிய தண்ணீரில் ரத்தம் தெரிந்தது. “ரத்தம் வர்ற எடத்துல கை வைக்காதீங்க, புண்ணு ஆறட்டும்” என்றாள் அம்மா. நியாயமான பேச்சு. நைனாவும் அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தைத் தேய்த்தார்; மறுமாதம் அங்கேயும் ரத்தம் வந்தது, அதையும் விட்டார்; இப்படி விட்டுவிட்டுத் தேய்த்ததில், வருடம் திரும்புவதற்குள் தேய்ப்பதற்கு வாயில் இடமே இல்லாமல் போய், கொப்பளிப்பதோடு சரி என்றாகிவிட்டது. ஈறு கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிப் பளபளத்தது, அமுக்கினால் சீழ் கசிந்தது. ஈறு விலக விலகப் பல் நீண்டு தெரிந்தது. எங்கள் நைனாவுக்கு மட்டும் இந்த வயதிலும் பல் வளருகிறது என்று நான் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன். ஒருத்தனும் நம்பாததால் இரண்டு பேரை ஸ்டாண்டுக்கே கூட்டிப்போய்க் காட்டினேன்.

“அண்ணே, போயில ஒரு துண்டு அடக்கிக்க, நோவு ஜல்தியா ஓடிடும்” என்றார் டிரைவர் ஒருவர். நோவு ஓடத்தான் செய்தது. நோய் மட்டும் உட்கார்ந்துகொண்டது.

கீழ்வரிசை முன்பல் ஆட ஆரம்பித்ததும், நைனா நாக்கால் அதைப் பிடித்துக்கொண்டு கூவினார். மேனேஜர் அழைத்து, “இன்னாய்யா, ஊரு பேரு வாய்க்குள்ளயே நிக்குது? வர்ற அமாவாசைக்குள்ள சரி பண்ணிக்க, இல்லாட்டி வேற ஆளு போட்டுக்கறேன்” என்று சொல்லிவிட்டார். மறுநாளே நைனா என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினார்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மாடியில் இருந்தார் அந்தப் பல் டாக்டர். ஒவ்வொரு பல்லையும் விரலால் ஆட்டிப் பார்த்துவிட்டு, “பல்லுல பழுது இல்லீங்க, ஈறுதான் நோய். அடியில அழுக்கு கெட்டியாயி காரை புடிச்சிருக்கு. சுரண்டி எடுத்துட்டா ஈறு இறுகும். இன்னும் மூணு தடவ வரணும், ரத்தம் வந்தாலும் விடாம தெனம் தேய்க்கணும்” என்றார். என் கையில் ஒரு பீங்கான் கிண்ணத்தைக் கொடுத்து நாற்காலிப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்.

கொக்கி போன்ற கம்பியால் அவர் சுரண்டச் சுரண்ட, கிண்ணத்தில் ரத்தத்தோடு பழுப்புச் சில்லுகள் விழுந்தன. ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. அவ்வளவுதான், “நைனா! உன் பல்லை ஒடைச்சி ஒடைச்சிக் கிண்ணத்துல போட்றாரு!” என்று தெருவுக்கே கேட்கும்படி அலறினேன். குரலில் நான் அவர் பிள்ளையாயிற்றே.

நைனா நாக்கால் துழாவிப் பார்த்தார். நேற்றுவரை இல்லாத சந்துகள். ஆடிய பல் இன்னும் அதிகமாக ஆடிற்று. “காரை தாங்கிக்கினு இருந்த பல்லு, கொஞ்ச நாளைக்கு ஆடத்தாங்க செய்யும். உக்காருங்க” என்று டாக்டர் கெஞ்சாத குறையாகச் சொன்னார். “இருந்ததையும் கெடுத்துட்டியேய்யா!” என்று நைனா வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

திரும்பும் வழியெல்லாம் கண்டக்டரிடம், “எம்புள்ள மட்டும் கூட இல்லாட்டி இன்னிக்கு மொத்த வாயும் காலி” என்று என் தலையைத் தடவித் தடவிச் சொன்னார். எனக்கு வறுத்த மல்லாட்டை வாங்கிக் கொடுத்தார். நான் கடலையை உரித்துத் தின்றேன். அவர் பார்த்துக்கொண்டு வந்தார்.

அமாவாசையன்று, ‘வளத்தி’க்கும் ‘மேல்மலையனூரு’க்கும் நடுவில் அந்த முன்பல் விழுந்தது. ஓரமாகத் துப்பிவிட்டு மீதி ஊரையும் கூவி முடித்தார். சனம் சிரித்தது, நானும் சிரித்தேன். மறுவாரம் மேனேஜர் அவரை பஸ் கழுவும் வேலைக்கு மாற்றினார். அதற்கு வாய் தேவையில்லை. நான் எட்டாம் வகுப்புக்குப் போவதற்குள் மிச்சப் பற்களும் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட, நைனா கேப்பைக் கூழோடும் ஒன்றிரண்டு வார்த்தைகளோடும் வாழப் பழகிக்கொண்டார். பல் எல்லாம் போன பிறகு ஈறு மட்டும் கிண்ணென்று ஆயிற்று. சாகும்வரை என்மேல் ஒரு குறை சொன்னதில்லை; யார் வந்தாலும் நான் அவரைக் காப்பாற்றிய கதையைப் பொக்கை வாயால் சொல்லி மகிழ்ந்தார். அதற்குப் பதில் அவர் என்னை நாலு சாத்து சாத்தியிருக்கலாம்.

இன்று ஸ்டாண்டில் ஊர் பெயரை ஒலிபெருக்கி சொல்கிறது; அதற்குப் பல்லும் கிடையாது, மூச்சும் வாங்காது. அந்த பஸ் கம்பெனியும் இல்லை, அந்த மாடியும் இல்லை. போன மாதம் என் ஈற்றிலும் ரத்தம் வரவே, விழுப்புரத்தில் பேத்தி வயதுள்ள ஒரு டாக்டரம்மாவிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தேன். மெஷினால் காரையை எடுத்து முடித்ததும், இந்தக் கதையை வேடிக்கை போலச் சொல்லி அவரைச் சிரிக்கவும் வைத்தேன். பிறகு, அறுபது வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்த பதிலை அவர் வாயாலும் கேட்டுவிடலாம் என்ற நைப்பாசையில், “அன்னிக்கு நான் கத்தாம இருந்திருந்தாலும் எங்க நைனாவுக்குப் பல்லு நின்னிருக்காது, இல்லீங்களா?” என்றேன்.

கையுறையைக் கழற்றிக்கொண்டே அவர் சொன்னார்: “நின்னிருக்கும் சார்.”