எரிந்தால் நல்லதென்று நினைத்தவர்

கோப்பாயில் எங்கள் ஒழுங்கையில் மனைவியின் தலைமுடியைப் பற்றிக் கவலைப்பட்ட ஆண் என்றால் நாகலிங்கம் ஒருவர்தான். மற்றவர்களுக்குச் சாப்பாடு பிந்தினால்தான் மனைவி ஞாபகமே வரும்.

வெங்காயச் செய்கைக்காரர். செம்மண் தோட்டத்தில் நாள் முழுதும் குனிந்து நின்றுவிட்டு வந்தாலும், பின்னேரம் மனைவி சிவகௌரியின் உச்சந்தலைக்கு வெங்காயச் சாறு பூசாமல் தேத்தண்ணி குடிக்கமாட்டார். உச்சியில் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு முடி கொட்டியிருந்தது. புழுவெட்டு என்று அவரே தீர்மானித்துவிட்டார். தம்பி மகன் மயூரதனுக்குத் தாடியில் புழுவெட்டு வந்தபோது சின்ன வெங்காயம் பூசித்தான் முடி திரும்ப முளைத்ததாம். அது பூசாமலே முளைத்திருக்கலாம் என்று அவருக்கு யார் சொல்வது? சொந்தத் தோட்டத்து வெங்காயம், கைகண்ட மருந்து, வேறென்ன வேண்டும்?

“எரியுதோ?” என்று கேட்பார்.

“ஓம், நல்லா எரியுது.”

“எரிஞ்சால்தான் வேருக்கு இறங்குதெண்டு அர்த்தம். கொஞ்சம் பொறும்.”

அவள் பொறுத்தாள், இரண்டு வருடம். தன் உச்சந்தலையைத் தானே பார்க்க முடியாதே. பார்த்தவர் அவர் மட்டும்தான். இடம் பெருத்துக்கொண்டு போனது. தோல் மினுங்கத் தொடங்கியது. அந்த மினுக்கத்தையும் நாற்று நடப் பதமாக்கிய பாத்தி போல நல்லதாகவே எடுத்துக்கொண்டார். எனக்கு அந்த மனிதர் மீது கோபம் கோபமாக வருகிறது. ஆனால் அந்த விரல்களில் இருந்த அன்பை நினைத்தால் கோபம் நிற்கவும் மாட்டேன் என்கிறது.

கடைசியில், கொழும்பில் வேலை செய்யும் மகள் தாரிகா லீவில் வந்தபோது தாயின் தலையைப் போனில் படம் எடுத்துக் காட்டினாள்.

“இது ஆரின்ரை தலை பிள்ளை?” என்று கேட்டாள் சிவகௌரி.

மறுநாளே மூவரும் யாழ்ப்பாணத்தில் ஒரு தோல் டொக்டரிடம் போனார்கள். அவர் ஒரு பெண். முடி நின்ற ஓரங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

“எரிவு இருக்கோ அம்மா?”

“ஓம். இவர் வெங்காயம் பூசுறவர். அதாலை எரியும்.”

“பூசாத நாளிலை?”

அதுவரை யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. சிவகௌரி கணவனைப் பார்த்தாள். “பூசாத நாளிலையும் எரியுந்தான்,” என்றாள்.

துளி தோல் வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் டொக்டர் விளங்கப்படுத்தினார். இது புழுவெட்டு அல்ல. புழுவெட்டில் வேர் உயிரோடு இருக்கும், முடி திரும்ப வரலாம். இதில் வேரைச் சுற்றி அழற்சி உண்டாகி, வேர் இருந்த இடமே தழும்பாகிவிடும். மினுங்குகிற இடத்தில் இனி முளைக்காது. குளிசை, ஓரங்களுக்கு ஊசி, பூச்சு மருந்து எல்லாம் மிச்சமிருக்கும் முடியைக் காப்பாற்றத்தான். எரிவோ அரிப்போ கூடினால் உடனே வரவேண்டும். நோய் அடங்கவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம்.

“வெங்காயத்தாலை வந்ததோ டொக்டர்?” என்று கேட்டார் நாகலிங்கம்.

“இல்லை ஐயா. ஆனால் இப்பிடிப்பட்ட தலையிலை அதைப் பூசக்கூடாது. முந்தியே வந்திருந்தால் கனக்கக் காப்பாற்றியிருக்கலாம்.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் சிவகௌரி சொன்னாள்: “நீங்கள் வேணுமெண்டோ செய்தனீங்கள்? விடுங்கோ.”

“பூசினதுக்குக் கவலைப்படேல்லையப்பா. நீர் எரியுது எரியுது எண்டு சொல்லச் சொல்ல, நான் சந்தோஷமெல்லே பட்டனான்.”



இப்போதும் பின்னேரம் அதே கேள்விதான். தோட்டத்தால் வந்து, கையில் வெங்காய மணம் போகும்வரை சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பூச்சு மருந்தை எடுப்பார். “எரியுதோ?” அவர் முகம் வாடக்கூடாதென்று, எரிந்தாலும் இல்லை இல்லை என்றே அவள் சொல்லிவந்தாள். அப்படிச் சொல்லிச் சொல்லியே, அடுத்த முறை டொக்டரிடம் போவதற்குள் இன்னும் ஒரு விரலகலம் முடி போய்விட்டது. டொக்டர் நன்றாக ஏசினார்.

போன கிழமை அவர் கேட்டபோது, வழக்கம்போல் இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள்.

“ஓம்,” என்றாள். “வலப்பக்கம் எரியுது.”

இரண்டு வருடம் அவர் கேட்டுக் கேட்டுச் சந்தோஷப்பட்ட அதே ஓம். நாகலிங்கம் மருந்துப் போத்தலைக் கீழே வைத்துவிட்டு, அவள் தலையில் கை படாமல் பின்னால் நின்று அழுதார்.