நான் தடுத்த வகுப்பு மாற்றம்

மெட்ராஸிலிருந்து ஆந்திர மாநிலம் பிரிந்த சமயம், எல்லையோரத்தில் பிச்சாட்டூர்ப் பக்கம் ஒரு பள்ளியின் தமிழ்ப் பிரிவில் நான் ஆசிரியர். பிள்ளைகள் குறைந்தால் பிரிவை மூடி, என்னை எங்கோ மாற்றிவிடுவார்கள். அதனால் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடிப்பதும் என் வேலையாயிற்று. பாடம் நடத்துவதைவிட அதிலேயே அலுத்துப்போனேன்.

ஒருநாள் என் மாணவி செல்வியின் அப்பா, வேலு என்ற விவசாயி வந்தார்.

"சார், நம்ம செல்வியத் தெலுங்குப் பிரிவுல போட்டுடுங்க. டீச்சராவணும்னு சொல்லிக்கினே கீறா."

"எல்லையே இன்னும் முடிவாகல. நாளைக்கு நம்ம ஊரு மெட்ராஸோட சேர்ந்துட்டா என்னய்யா பண்ணுவே?" என்று மடக்கினேன்.

"நீங்க சொன்னா சரிதான் சார்" என்று திரும்பிப் போனார்.

என் மகன் அப்போது திருப்பதியில், மாமன் வீட்டில் தங்கித் தெலுங்கில் படித்துக்கொண்டிருந்தான். அதை நான் சொல்லவில்லை.

எல்லை முடிவானது. எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. சில வருடங்கள் கழித்து ஆசிரியர் பயிற்சிக்கான நேர்காணலுக்குச் செல்வியைச் சித்தூருக்கு நானே அழைத்துப் போனேன். தெலுங்கில் கேட்ட கேள்விகளுக்கு அவளால் பதில் சொல்ல முடியவில்லை. இடம் கிடைக்கவில்லை.

வெளியே வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "உங்க பையனும் தமிழ்லதான் படிக்கிறானா சார்? அவனயாவது இப்பவே தெலுங்குல போட்டுடுங்க. என்னாட்டம் நிக்கப்போறான்."

"சரிம்மா" என்றேன்.

இந்த வேலை எனக்குச் சம்பளமும் மரியாதையும் தந்தது. நான் எது சொன்னாலும் ஊர் நம்பியது. ஆசிரியர் வேலைக்குப் போகலாமா என்று இன்று யாராவது கேட்டால், அந்த நம்பிக்கையை நினைத்துத்தான் பயப்படுகிறேன்.