கண்ணூறுப் பாட்டுக்குச் சாட்சி

வாழைக்குலையோடு ஒருவர் வீட்டுப் படலையைத் திறந்தால் நான் குலையைப் பார்ப்பதில்லை, ஆளைத்தான் பார்ப்பேன். அன்று வந்தது நீர்வேலியில் விளைந்த கப்பல் வாழைக்குலை. அப்படிப்பட்ட குலை காரியமில்லாமல் ஒரு வீட்டுக்கு வராது. கொண்டுவந்தவர் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசிக்கிறவர். மடிப்புக் குலையாத சால்வை, வெற்றிலை போட்ட வாய். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் என் மனைவி குலையை வாங்கி உள்ளே கொண்டுபோய்விட்டாள்.

அந்த நாட்களில் நாங்கள் சிலர் சேர்ந்து யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு கலைக்களஞ்சியம் தொகுத்துக்கொண்டிருந்தோம். ஊர், கோயில், குளம், மூலிகை, நாடகம் என்று எல்லாம் அகரவரிசையில் வரவேண்டும் என்பது எண்ணம். தலைவர் ஒரு பழைய பிரக்கிராசியார்; கோட்டில் வழக்குப் பேசியே தலை நரைத்தவர். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வருகிற கட்டுரைகளில் எது மெய், எது புளுகு என்று பார்ப்பது என் பங்கு. நான் எதையும் இலேசில் நம்பாதவன் என்று தெரிந்துதான் அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள்.

"மாஸ்டருக்குக் கண்ணூறுப் பாட்டுத் தெரியுமோ?" என்று வந்தவர் கேட்டார்.

தெரியாமல் என்ன? ஒரு நாடகத்தில் இரண்டு காட்சிகளுக்கு நடுவே குறிகாரி வேஷம் போட்டவர் வந்து, பட்ட கண் திருஷ்டியைக் கழிப்பதாகப் பாடுவது. 'கண்ணூறு கழிக்க வந்தேன்' என்று தொடங்கும். கதைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. திரைக்குப் பின்னால் சாமான் மாற்ற நேரம் வேண்டுமென்று செருகிய பாட்டு. பிறகு இசைத்தட்டாக வந்தது. ஒரு கோடைகாலம் முழுக்கத் தேநீர்க் கடைகளில் அதன் தொல்லை தாங்க முடியவில்லை. அடுத்த மழையோடு அடங்கிவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"அது நான் கட்டினது," என்றார். "இசைத்தட்டிலை பாடினவரின்ரை பேர் இருக்கு, நாடக முதலாளியின்ரை பேர் இருக்கு. என்ரை பேர் இல்லை. நீங்களும் அந்த நாடகத்துக்குக் கீழை ஒரு வரியாப் போட்டால் அங்கையும் முதலாளியின்ரை பேர்தான் வரும். பாட்டுக்கெண்டு தனிக் கட்டுரை வந்தால்தான் கட்டினவன் ஆரெண்டு எழுதுவியள். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

இவ்வளவு நேராகக் கேட்டதே எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே ஏதோ இருக்கிறது என்று பட்டது. விசாரித்தேன். கட்டியது அவர்தான் என்பதை நாடக முதலாளியே மறுக்கவில்லை. ஆகவே கேள்வி ஒன்றுதான்: அந்தப் பாட்டுக்கு ஒரு தனிக் கட்டுரை தகுமா?

அதற்குப் பிரக்கிராசியார் ஒரு விதி வைத்திருந்தார். பாட்டு இன்னமும் சனங்களின் வாயில் இருக்கிறது என்று ஒருவராவது எங்கள் கூட்டத்துக்கு வந்து சாட்சி சொல்லவேண்டும். அவர் கட்டினவருக்கு எந்த வழியிலும் சொந்தக்காரராக இருக்கக்கூடாது. எனக்கு அந்த விதி மிகவும் பிடித்திருந்தது. புளுகர்களை வாசலிலேயே மறிக்கிற விதி என்று நினைத்தேன்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். நீர்வேலியில் ஒரு வாழைத்தோட்டத்தில் இறைப்பு நடந்துகொண்டிருந்தது. கிணற்றுத் துலாவில் ஏறி மிதித்துக்கொண்டிருந்தவர் சாட்சாத் கண்ணூறுப் பாட்டைத்தான் பாடினார். அகப்பட்டார் சாட்சி என்று இறங்கி விசாரித்தேன். "ஓம், தெரியாமல் என்ன? கட்டினவர் என்ரை மச்சான்," என்றார். உடுப்பிட்டியில் ஒரு தலைமையாசிரியர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முற்றம் கூட்டும்போதும் அதைத்தான் பாடுகிறார்கள் என்று சத்தியம் பண்ணினார். எனக்கு நல்ல சந்தோஷம். சைக்கிளில் ஏறும்போது, "பாட்டுக் கட்டின சித்தப்பாவை நான் சுகம் கேட்டதெண்டு சொல்லுங்கோ," என்றார்.

அளவெட்டியில் நாதஸ்வரம் வாசிக்கும் ஒருவர் கிடைத்தார். சாமி வீதி சுற்றும்போது சனங்கள் அந்தப் பாட்டைக் கேட்டு வாங்குகிறார்களாம். அவருக்கும் ஆர்மோனியக்காரருக்கும் ஒரு சொந்தமும் இல்லை. பிரக்கிராசியாரிடம் சொன்னேன். "கூலிக்கு வாசிக்கிறவன் கூலிக்குச் சாட்சியும் சொல்லுவான்," என்று தள்ளிவிட்டார். அனுபவசாலி சொல்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்று வந்துவிட்டேன்.

எனக்குச் சந்தேகம் முற்றியது. இந்த மனுசன் எனக்கு முன்னே போய்த் தன் ஆட்களை ஊர் ஊராக நிறுத்தி வைக்கிறாரோ? மனைவியிடம் சொன்னேன். அவள் கப்பல் பழம் ஒன்றை உரித்துக்கொண்டே, "உங்களுக்கென்ன விசரே? எங்கடை ஆக்களுக்குள்ளை உங்களுக்குச் சொந்தமில்லாத ஒரு வீட்டைச் சொல்லுங்கோ பாப்பம்," என்றாள். யோசித்தேன். மாமன் மகள், அத்தை மகன் என்று உள்ளுக்குள்ளேயே கலியாணம் முடித்து முடித்து, எந்தப் படலையைத் தட்டினாலும் ஒரு மச்சானோ, அண்ணன் தம்பி வழிப் பெறாமகளோதான் திறக்கிற நிலை. சொந்தமில்லாதவரை எங்கள் ஆட்களுக்கு வெளியேதான் தேடவேண்டும்.

பள்ளி விடுமுறை வந்ததும் வடகரைப் பக்கம் போனேன். அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அடியெடுக்க மற்றவர்கள் இழுப்புக்கு இழுப்பு கூடப் பாடினார்கள். அதே மெட்டு. குறிகாரி போய்விட்டாள். வலைக்குப் பட்ட கண்ணூறு, தோணிக்குப் பட்ட கண்ணூறு என்று சொல்லெல்லாம் மாறியிருந்தது. அடியெடுத்த பெரியவரிடம், கட்டியது யார் என்று கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும்? எங்கடை பாட்டுத்தான்," என்றார்.

சொந்தமில்லை, கூலியில்லை, கட்டினவரின் பெயர்கூடத் தெரியாது. இதைவிடச் சுத்தமான சாட்சி எங்கே கிடைக்கும்? விஷயத்தைச் சொல்லி, கூட்டத்துக்கு வருவீர்களா என்று கேட்டேன்.

"வாறன், அதுக்கென்ன. ஆனா ஒண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ ஐயா. அங்கை என்னை எங்கை இருத்துவினம்?"

"கதிரையிலைதான்," என்றேன்.

நான் மற்றவர்களைப் பார்க்கிற பார்வையால் அவர் என்னைப் பார்த்தார். "எதுக்கும் கேட்டுக்கொண்டு வாங்கோ," என்றார்.

அடுத்த கூட்டம் பிரக்கிராசியார் வீட்டு விறாந்தையில் நடந்தது. ஆர்மோனியக்காரரும் வந்து ஒரு மூலைக் கதிரையில் நுனியில் இருந்தார். சாட்சி கிடைத்தது என்று சொன்னதும் எல்லோரும் நிமிர்ந்தார்கள். யார் என்று சொன்னதும் ஒருவர் வெற்றிலைத் தட்டை இழுத்தார், ஒருவர் கூரையைப் பார்த்தார்.

"வரட்டும், வரட்டும்," என்றார் பிரக்கிராசியார். "படலையடியிலை நிண்டு சொல்லட்டும். எங்களுக்கு இஞ்சை கேக்கும்தானே."

"ஏன் ஐயா, கதிரைக்குப் பஞ்சமே?"

"கோட்டிலையும் சாட்சி நிண்டுதானே சொல்லுறது, மாஸ்டர்?"

"கோட்டிலை உள்ளுக்கு நிண்டு சொல்லுறது. றோட்டிலை நிண்டு இல்லை," என்றேன். எனக்குக் கோபத்தில் காது சூடாகிவிட்டது.

அவருக்குக் கோபம் வரவில்லை. வழக்குப் பேசினவர்களுக்கு இலேசில் வராது. "அவை பாடுறது வேறை சொல்லு எண்டு நீங்களே சொல்லுறியள். அது எப்பிடி இந்தப் பாட்டாகும்?" என்று புதிதாக ஒன்றைப் பிடித்தார். கூரையைப் பார்த்தவர் உடனே தலையாட்டினார். தக்க சாட்சி இல்லை என்று முடிவாயிற்று. நாடகத்தின் கீழே ஒரு வரி, முதலாளியின் பெயரோடு.

ஆர்மோனியக்காரர் எழுந்து சால்வையைத் தோளில் சரிசெய்தார். "சொந்தக்காரனெண்டால் வேண்டாமெண்டுறியள். சொந்தமில்லாதவனெண்டால் படலையடியிலை விடுறியள். இனி நான் ஆரைப் பெத்துக் கொண்டுவாறது?" என்றார். அவர் படி இறங்கிப் போனார். அந்த மனுசனை இத்தனை நாளும் சந்தேகப்பட்டுத் திரிந்தேனே, பக்கத்தில் இருந்தவர்களை ஒருநாளும் சந்தேகப்படவில்லையே என்று என்னையே நொந்துகொண்டேன்.

வடகரைக்குப் போய்ப் பெரியவரிடமும் சொன்னேன். "எனக்குத் தெரியும் ஐயா. நீங்கள் கேட்டுப் பாத்ததே போதும்," என்று சொல்லிவிட்டு வலைப்பக்கம் போனார்.

அச்சுக்கூடத்தில் ககர வரிசைக்கு ஏற்கெனவே எழுத்துக் கோத்து வைத்திருந்தார்கள். கண்ணூறுப் பாட்டுக்கு விட்ட இடம் வெறுமையாகக் கிடந்தது. அந்தப் பக்கத்தில் எதையாவது எழுதி நிரப்பச் சொல்லிப் பிரக்கிராசியார் ஆள் அனுப்பினார். நான் 'கதிரை' என்று ஒரு கட்டுரை எழுதினேன். போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல், நான்கு கால், பலகையாலும் பிரம்பாலும் செய்வது, மனிதர் இருப்பதற்கானது என்று எல்லாம் ஒழுங்காக எழுதி, கடைசி வசனமாக இதைச் சேர்த்தேன்: 'யாழ்ப்பாணத்தில் இது எல்லோருக்கும் கொடுக்கப்படுவதில்லை.'

அச்சுப்பிரதி அவரிடம் போய்த் திரும்பி வந்தது. மற்றதில் ஓர் எழுத்தையும் தொடவில்லை. அந்த வசனத்தை மட்டும் சிவப்பு மையால் வெட்டியிருந்தார். நேரே போய், ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டேன்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி அமைதியாகச் சொன்னார்: "உதுக்குச் சாட்சி எங்கை, மாஸ்டர்?"