அக்காவுக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

என் அத்தான் ஒரு குடை வாங்கி முடிப்பதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும். கேலிக்குச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்தது. கம்பி வளையுமா, துணி சாயம் போகுமா, பிடி வழுக்குமா, அடுத்த தெருக் கடையில் இதைவிட நல்லது இருக்குமா என்று அலசிக்கொண்டே இருந்தார். அந்த வருடம் முழுக்க அவரும் அக்காவும் தொப்பலாக நனைந்துதான் வீடு வந்து சேர்ந்தார்கள். மறுவருடம் வாங்கினார். வாங்கிய குடை வருடக்கணக்கில் உழைத்தது. அதனால் அவரைத் திட்டவும் வழியில்லாமல் போனது.

அவருடைய வேலை அப்படி. கடை கடையாகப் போய் எடை மெஷின்களைச் சோதித்து முத்திரை வைக்கும் உத்தியோகம். ஒரு பெட்டி நிறைய எடைக்கற்கள் வைத்திருப்பார். அவற்றை வெறுங்கையால் தொட மாட்டார், விரலில் இருக்கும் பிசுக்கு ஒட்டினால்கூட எடை மாறிவிடுமாம். தெருவில் அவருக்குத் தராசு என்று பெயர். தராசு வருகிறார் என்றால் கறிக்கடைக்காரர் மெஷினைத் துடைத்து வைத்துவிட்டு எழுந்து நிற்பார். முள் அளவு பிசகு இருந்தாலும் முத்திரை கிடையாது. அவர் வாயிலிருந்து ஒரு பொய் வந்து நான் கேட்டதில்லை.

அக்கா அதற்கு நேர்மாறு. ஒரு கடைக்குள் நுழைந்து, முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு, பேசிக்கொண்டே வெளியே வந்துவிடுவாள். பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேஜையில் இருந்தாள். வலியில் முகம் வீங்கி வருபவர்களைச் சிரிக்க வைத்து உட்கார வைப்பாள். வீட்டுக்கு வந்தால் பழைய கம்ப்யூட்டரில் சீட்டாட்டம். இரண்டு பேருக்கும் பிள்ளைகள் இல்லை. மேல்மாடியில் நான். ரொட்டிக் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறேன். சாப்பாடு பாதி நாள் கீழேதான்.

அக்கா படியில் அடிக்கடி தடுக்கினாள். இருட்டினால் சுவரைத் தடவினாள். கண் டாக்டரிடம் போனபோது அவர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், நடுவில் மட்டும் ஒரு வட்டம் மிஞ்சும், அதுவும் எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாது, மருந்து கிடையாது. “என்னென்ன பாக்கணும்னு ஆசையோ அதையெல்லாம் இப்பவே பாத்துடுங்கம்மா” என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து அக்கா அழவில்லை. டீ போட்டாள். பிறகு போனை எடுத்து எங்கள் இருவருக்கும் ஒரு வீடியோ காட்டினாள். ஏதோ ஒரு கேம். பனி மூடிய மலை, அடியில் ஏரி, ஒரு பொண்ணு குதிரையில் கணவாயைத் தாண்டிப் போகிறாள். போகப் போக மலை பெரிதாகிறது.

“இதை நான் ஓட்டணும்” என்றாள்.

“நெஜ மலைக்கே கூட்டிட்டுப் போறேனே” என்றார் அத்தான்.

“நெஜ மலையில நான் தடுக்கி விழுந்துடுவேங்க. இதுல குதிரைதான நடக்குது.”

“நல்லதா ஒண்ணு பண்ணித் தரேன்” என்றார் அத்தான். பழைய கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கலாமா என்று நான் கேட்டேன். “பழசு இதுக்கு லாயக்கில்ல” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். தராசு சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அதுவரை அவருக்குக் கம்ப்யூட்டரில் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியும். ஒரே வாரத்தில் கரைத்துக் குடித்துவிட்டார். சந்தைத் தெருவில் உதிரி பாகங்கள் விற்கும் கடை ஒன்று உண்டு. யார் எதைக் கேட்டாலும் ‘சூடாகாம இருக்க முதல்ல நல்ல கூலர் போடுங்க’ என்று சொல்வதால் கடைக்காரருக்குக் கூலர் என்றே பெயர். கூலரும் தராசும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும். நான் வேனை வெளியே போட்டுவிட்டுக் காத்துக் கிடப்பேன்.

ராஜா வீட்டுக் கம்ப்யூட்டர் அவருக்கு வேண்டாம். நடுத்தரமாக, ஆனால் எதிலும் குறை சொல்ல முடியாததாக இருக்க வேண்டும். என்னையும் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். படம் வரைவது கிராபிக்ஸ் கார்டு. அதற்கு வேலை சொல்வது பிராசஸர். “ஒண்ணு ஓடி, இன்னொண்ணு அது வர்ற வரைக்கும் நின்னா, ஓடினதுக்கு என்ன பிரயோஜனம்? ரெண்டும் ஒரே எடையில இருக்கணும்” என்பார். பவர் சப்ளையை இழுத்துப் பிடித்து வாங்கக் கூடாது, கொஞ்சம் தாராளமாக இருக்க வேண்டும். கேஸில், அதாவது வெளிப்பெட்டியில், முன்பக்கம் காற்று உள்ளே வர இடம் வேண்டும். ரேமை ஒற்றையாகப் போடாமல் ஜோடியாகப் போட வேண்டும். எல்லாம் சரிதான். ஒன்றுகூடத் தப்பில்லை.

முதல் தடவை எல்லாவற்றையும் முடிவு செய்து கடைக்குப் போனபோது, கூலர் வாய் சும்மா இல்லாமல், அடுத்த சீசனில் புது கார்டு வருகிறது என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவைத்தார். அத்தான் எடுத்த பணத்தை மறுபடி பைக்குள் வைத்துவிட்டார்.

புது கார்டு வந்தது. அதற்கு ஏற்கெனவே பார்த்து வைத்த பிராசஸர் ஈடுகொடுக்காது என்று கண்டுபிடித்தார். வேறு பிராசஸர் என்றால் அதற்கு வேறு மதர்போர்டு. அந்த மதர்போர்டில் பழைய தினுசு ரேம் ஏறாது. புது ரேம் இப்போதுதான் வந்திருக்கிறது, விலை ஏறிக் கிடக்கிறது, இறங்கட்டும். ரேம் இறங்குவதற்குள் அடுத்த கார்டு பற்றிப் பேச்சு வந்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து.

“சார், உங்க கையில இருக்கற லிஸ்ட்ல எதை வாங்கினாலும் அந்த கேம் ஓடும்” என்று கூலரே ஒருநாள் கும்பிடாத குறையாகச் சொன்னார்.

“ஓடும். நல்லா ஓடுமா?”

“நல்லாவே ஓடும் சார்.”

“இதைவிட நல்லா?”

கூலர் என்னைப் பார்த்தார். நான் வேனுக்குப் போய்விட்டேன்.

இதற்கிடையில் அக்கா டம்ளரை மேஜை ஓரத்துக்கு அப்பால் வைத்து இரண்டு உடைத்தாள். திறந்து கிடந்த அலமாரிக் கதவில் நெற்றியை இடித்துக்கொண்டாள். வரவேற்பு மேஜைக்குப் பக்கவாட்டில் ஒரு பெரியவர் வெகுநேரம் நின்றும் கவனிக்கவில்லை என்று புகார் வந்தது. அவளே வேலையை விட்டுவிட்டாள். அத்தான் ஒவ்வொரு நாளும் வேலையிலிருந்து வந்ததும் கேட்பார்.

“கண்ணு எப்படி இருக்கு?”

“அப்படியேதான் இருக்கு.”

அவர் நிம்மதியாகப் போய் எதையாவது ஒப்பிட ஆரம்பிப்பார். ஊரில் உள்ள மெஷினையெல்லாம் கல் வைத்துச் சோதிக்கிற மனிதர், இதை மட்டும் அவள் வாய்வார்த்தையில் விட்டுவிட்டார். அவர் பதறக் கூடாது என்று அவள் அப்படிச் சொன்னாள். அவள் மனம் நோகக் கூடாது என்று அவர் அதை நம்பினார். இந்த லட்சணத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் போய்விட்டது. நான் ஒருநாள் பொறுக்காமல் கத்தியே விட்டேன். “அத்தான், அக்கா என்ன ஏரோப்ளேனா கேட்டா? ஒரு பொட்டிதான கேட்டா?”

“ஒரே ஒரு தடவை பாக்கப் போறா. அது நல்லதா இருக்க வேணாமா?” என்றார். அவர் கண்ணைப் பார்த்தபோது என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

கடைசியில் வாங்கினார். என்னுடைய வேனில், ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தோம். கூடவே மானிட்டர் ஒன்று. மேஜையை முழுக்க அடைத்துக்கொள்கிற அகலம், லேசாக உள்வளைந்தது. மற்ற எல்லாவற்றிலும் நடுத்தரம் பார்த்தவர் இதில் மட்டும் கை தாராளம். “கண்ணு வீக்கா இருக்கறவளுக்குப் பெருசா இருந்தாத்தான் தெரியும்” என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

விடுமுறை நாளில் சாப்பாட்டு மேஜையில் துணி விரித்துக் கம்ப்யூட்டரைச் சேர்த்தார். எடைக்கல் எடுக்கும்போது போடுகிற கையுறையைப் போட்டுக்கொண்டார். பிராசஸர் மூலையில் இருக்கிற குட்டி முக்கோணத்தைச் சாக்கெட்டில் இருக்கிற முக்கோணத்தோடு பொருத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினார். சூட்டைக் கடத்தும் பசையை அதன் மேல் பட்டாணி அளவு வைத்தார். ஒயர்களைக் கேஸுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டினார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்க்ரூவை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். தடவித் தடவித்தான் எடுத்தாள். அவர் ஸ்க்ரூவைப் பார்த்தாரே தவிர அந்த விரல்களைப் பார்க்கவில்லை. சுவிட்சைப் போட்டதும் ஒரே தடவையில் உயிர் வந்தது. அக்கா கைதட்டினாள்.

கேம் இறங்கி முடியச் சாயங்காலம் ஆனது. வீட்டில் இருக்கிற விளக்கையெல்லாம் போட்டோம். அக்கா தலை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். திரையில் அந்த ஏரி, அந்தக் கணவாய், அந்த மலை. நான் சும்மா சொல்லவில்லை, பனிக்காற்று முகத்தில் அடிப்பது போலத்தான் இருந்தது. புல் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடியது. அத்தான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“புல்லு நல்லாருக்கு” என்றாள்.

“மலையைப் பாரு.”

அவள் தலையைத் திருப்பினாள். கொஞ்சம் மேலே, பிறகு இடது பக்கம். “இது என்ன, குதிரைக் காதா? மலை எங்க?”

“நேராத்தான் இருக்கு.”

“வெள்ளையா ஏதோ தெரியுது. அதுதானா?”

அத்தான் வெளிச்சத்தைக் கூட்டினார். குறைத்தார். நிறத்தை மாற்றினார். அவள் திரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தலையை நகர்த்தி நகர்த்தி, கீழே விழுந்த தோட்டைத் தேடுகிறவள் போலத் தேடினாள். அப்போதுதான் எங்கள் இருவருக்கும் புரிந்தது. அவளுக்கு மிஞ்சியிருந்தது உள்ளங்கை அகல வட்டம். அந்தப் பெரிய மானிட்டரில் அதற்குள் அடங்கியது கொஞ்சம் புல்லும் ஒரு காதும்தான்.

அக்காதான் முதலில் சுதாரித்தாள். “நான் கொஞ்சம் பின்னாடி போறேன்” என்று நாற்காலியை நகர்த்தினாள். தூரம் போகப் போகப் படம் சின்னதாகி வட்டத்துக்குள் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, தெருவைக்கூட அப்படித்தான் பார்த்துப் பழகியிருக்கிறாள். சுவர் வரைக்கும் போனாள், போதவில்லை. அறைக் கதவைத் தாண்டிக் கூடத்துக்குப் போனாள். நான் நாற்காலியைப் பிடித்து இழுத்தேன். சமையலறை வாசலுக்குப் போனதும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“வந்துடுச்சு” என்றாள். “முழுசா இருக்கு. ஏரியும் இருக்கு.”

நான் அவள் தோளுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். ஒரு சின்னச் செவ்வகம். புல்லும் இல்லை, நிழலும் இல்லை. இரண்டு வருடமாக எதற்காக அலைந்தாரோ அதில் ஒன்றுகூட அங்கிருந்து தெரியவில்லை. கீபோர்டும் மவுஸும் அவ்வளவு தூரம் எட்டாது. “நீங்களே ஓட்டுங்க, நான் பாக்கறேன்” என்றாள். அத்தான் மேஜையில் ஒரு பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்து, பழக்கமில்லாத கையால் குதிரையை நகர்த்தினார். அது ஒரு பாறையில் முட்டியது. அக்கா சிரித்தாள்.

“ஏங்க, இவ்ளோ சின்னதா பாக்கறதுக்கு, நம்ம பழசுலயே வந்திருக்குமா?”

நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். வாழ்க்கையில் ஒரே ஒரு பொய், அத்தான், இன்றைக்கு மட்டும்.

“வந்திருக்கும்” என்றார். “எல்லாத்தையும் குறைச்சு வெச்சு ஓட்டலாம்னு கடையில மொத நாளே சொன்னாங்க. கொஞ்சம் மங்கலா இருந்திருக்கும்.”

“மொத நாளேவா?”

“மொத தடவை பாக்கறதை நல்லதுல பாக்கட்டும்னு நெனச்சேன்.”

அந்த முதல் நாட்களில் அவள் தெருக்கோடியில் வருகிற என் வேனைக் கண்டுபிடிப்பாள். அன்றைக்கே பழசில் போட்டிருந்தால், திரைக்கு முன்னால் உட்கார்ந்து, குதிரையையும் மலையையும் ஏரியையும் ஒரே பார்வையில் பார்த்திருப்பாள். தன் கையாலேயே ஓட்டியிருப்பாள். அந்த மனிதரை அடிக்க வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

“சரி, போங்க. கணவாய்க்குப் போங்க” என்றாள் அக்கா. அவள் குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

குதிரை ஏறத் தொடங்கியது. அவள் பார்க்கிறதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். மேகம் வருது, பறவை போகுது, ஏரி கீழ போயிடுச்சு. அத்தான் ஒரு கையை மவுஸில் வைத்தபடி, இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். அவர் உட்கார்ந்திருந்தது திரைக்குப் பக்கவாட்டில் ஒரு முழம் தள்ளி. அக்காவின் வட்டம் அதுவரை எட்டாது. நான் இரண்டு பேருக்கும் நடுவில், கூடத்தில் நின்றேன். எந்தப் பக்கம் போவது என்று எனக்குத் தெரியவில்லை.

“ஏங்க, குதிரை ஏன் நின்னுடுச்சு?” என்றாள் அக்கா.

அத்தான் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இதோ போகுதும்மா” என்றார்.