லோடு ஏற்றும் கை

வேன்காரருக்கு வயிறு எரிந்தது. உடம்பில் கோளாறு ஒன்றும் இல்லை. கோழிப்பண்ணைக்காரர் போனில், "அண்ணே, நாளைக்குத் தங்கச்சிய அனுப்புறீங்களா?" என்று கேட்டுவிட்டார், அவ்வளவுதான்.

இந்தத் தொழில் அவர் ஒண்டியாளாக உண்டாக்கியது. பஸ் எட்டிப்பார்க்காத ஊர்களுக்கெல்லாம் தீவன மூட்டை, சிமெண்ட், குழாய் என்று எதுவானாலும் ஒரு பழைய வேனில் கொண்டுபோய்ச் சேர்த்தவர். லோடு ஏற்றுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கடைசியில் இறங்க வேண்டியது முதலில் ஏறும். முதல் ஊர்ச் சரக்கு கதவோரம் நிற்கும். போகிற இடத்தில் ஒரு மூட்டையைக்கூடப் புரட்ட வேண்டியிருக்காது. அந்த வேலையை அவர் வேறு யாரிடமும் விட்டதே இல்லை.

போன வருஷம் கை முறிந்து வீட்டில் கிடந்தபோது, "நான் ஓட்டுறேன்ணா" என்று தங்கைதான் சாவியை எடுத்தாள். லோடு மட்டும் அப்போதும் அவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லத்தான் ஏறியது. அன்று அவள் தெய்வமாகத் தெரிந்தாள். கை கூடியதும் அவளுக்கென்று இன்னொரு வேன் வாங்கினார்கள். இப்போது ஒரு லாரி வரப்போகிறது. அதை ஓட்டப்போவது யார் என்பதுதான் வீட்டில் பேச்சு.

ஊரிலோ அந்தச் சந்தேகமே இல்லை. தங்கச்சி நேரத்துக்கு வருது, தங்கச்சி சிரிச்ச முகமா பேசுது. அவர் என்ன, அழுதுகொண்டா பேசினார்? மனைவி வேறு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினாள். "லாரியையும் அவகிட்டயே குடுத்துருங்க. நீங்க வீட்ல இருந்தா எனக்கும் பேச்சுத்துணையா இருக்கும்." விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை தங்கையின் வேனுக்கு அவரே லோடு ஏற்றினார். அண்ணன் ஏற்றினால் அவள் உள்ளே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அந்தத் தைரியத்தில் எல்லாவற்றையும் தலைகீழாக ஏற்றினார். முதலில் இறங்க வேண்டிய கோழித் தீவனம் உள்ளே, அடியில். கடைசி ஊர்ச் சிமெண்ட் கதவோரம். ஊருக்கு ஊர் வண்டியைக் காலி செய்து மறுபடி ஏற்றட்டும். நாலு பேர் நாலு விதமாகப் பேசட்டும். இவளுக்கு லாரி ஒரு கேடா என்று கேட்கட்டும். சொந்தத் தங்கைக்கு இதைச் செய்துவிட்டு மனுஷன் வேன் கதவை இழுத்துச் சாத்தினார்.

அவள் கிளம்பியதும் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். மதியத்துக்குள் கோழிப்பண்ணைக்காரர் கூப்பிட்டுவிட்டார்.

"என்னங்க, லேட்டாயிடுச்சா?" என்று கேட்ட குரலில் சந்தோஷத்தை அவரால் மறைக்க முடியவில்லை.

"லேட்டுதான்ணே. எல்லாத்தையும் இறக்கித்தான் தீவனத்த எடுக்க முடிஞ்சுது. எங்க ஆளுங்களும் கூடமாட ஒத்தாசை பண்ணாங்க. தங்கச்சி பாவம், 'அண்ணன் சரியாத்தான் சொன்னாரு, நான்தான் அவசரத்துல மாத்தி ஏத்திட்டேன்'னு எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுச்சு. வந்ததும் திட்டிறாதீங்க."

போனை வைத்தவருக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் முந்திக்கொண்டு வந்தது. இதிலும் அவளுக்கே நல்ல பேர்!

சாயங்காலம் தங்கை வந்தாள். தலையெல்லாம் சிமெண்ட் தூசி. உள்ளங்கை தோலுரிந்திருந்தது. சண்டை வந்தால் எப்படிச் சமாளிப்பது என்று அவர் நாலைந்து பதில் தயாராக வைத்திருந்தார். அவள் குழாயடியில் கை கழுவிவிட்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"லாரிய நீயே ஓட்டுண்ணா. எனக்கு வேன் போதும்."

அவருக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. "நிஜமாவா?" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

"நிஜமாத்தான். ஆனா இனிமே என் வண்டிக்கு லோடு நானே ஏத்திக்கிறேன்."

சொல்லிவிட்டு அவள் சாப்பிட எழுந்து போனாள். திட்டியிருந்தால் பதிலுக்கு அவரும் கத்தியிருப்பார்.